பதினான்காம் வளையம்

போனில் பேசும்போது யாரும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. நீங்களும் கவனித்திருப்பீர்கள், மேடம். வீட்டுக்குள் பேச ஆரம்பித்தவர் வாசலுக்கு வருவார், கிடக்கிற செருப்பைக் காலால் நகர்த்துவார், முருங்கை மரத்தை ஒரு சுற்றுச் சுற்றுவார், பேச்சு முடியும்போது தெருமுனையில் நின்றுகொண்டிருப்பார். எப்படி அங்கே வந்தோம் என்று அவருக்கே தெரியாது. விழுப்புரத்தில் எங்கள் அலுவலகத் திரையில் இருபத்திரண்டு வருஷமாக நான் பார்த்து வந்தது இந்த நடையைத்தான்.

யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்தீர்கள். நானாகத்தான் சொல்கிறேன். நேற்று நீங்கள் எழுதிய பக்கத்தில் 'சாதி ஆணவத்தால்' என்று ஒரு வரி இருந்தது. அதை அடித்துவிடச் சொல்லத்தான் இன்று வாயைத் திறக்கிறேன். எனக்கு ஆணவம் கிடையாது. அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பெயர் இருதயசெல்வி. வயது நாற்பத்தேழு. வீடு திண்டிவனத்தில். காலை ஏழே முக்காலுக்கு பஸ் ஏறினால் ஒன்பதுக்குள் விழுப்புரம். ஒரு செல்போன் கம்பெனியில் நெட்வொர்க் பிரிவில் இன்ஜினியர். டவரில் எந்த ஆன்டனா எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எவ்வளவு குனிய வேண்டும் என்று சொல்வது என் வேலை. ஓர் ஊரில் பேச்சு அறுந்து அறுந்து போகிறது என்று புகார் வந்தால், அந்த நம்பரை எடுத்து, அவர் பேசுவதைத் திரையில் தொடர்ந்து, எங்கே சிக்னல் விழுகிறது என்று கண்டுபிடிப்பேன். பேச்சு எனக்குக் கேட்காது. இடம் மட்டும் தெரியும்.

அது எப்படித் தெரியும் என்று உங்கள் கான்ஸ்டபிள் கேட்டார். போன் சும்மா கிடக்கும்போது சரியாகத் தெரியாது. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்ற அளவில்தான் தெரியும். பேச ஆரம்பித்தால் எந்த டவர் என்று தெரியும், டவரின் தலையில் மூன்று திசை பார்த்து மூன்று ஆன்டனா இருக்குமே, அதில் எந்தத் திசை என்று தெரியும், அப்புறம் தூரம். சிக்னல் வந்து சேர எடுக்கும் நேரத்தை வைத்து டவர் தூரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். டவரைச் சுற்றிக் கிணற்று உறை மாதிரி, ஒன்றுக்கு வெளியே ஒன்றாக வளையங்கள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வளையத்தின் அகலம் எழுபத்தெட்டு மீட்டர். என் திரையில் வருவது அந்த வளையத்தின் எண். நான் கொடுத்ததும் அவ்வளவுதான். ஓர் எண். ஓர் எண்ணை வைத்து யாரும் சாவதில்லை.

இருதய அருணைப் பற்றி நல்லதும் சொல்கிறேன். அவன் நல்ல வேலைக்காரன். கான்ட்ராக்டரிடம் டவர் ஏறும் ஆள். நாற்பது மீட்டர் உயரத்தில் இடுப்பில் கயிற்றோடு நின்றுகொண்டு எனக்கு போன் செய்வான். "மேடம், ரெண்டு டிகிரி எறக்கிட்டேன், பாத்துச் சொல்லுங்க" என்பான். மேலே காற்று அடிப்பது கேட்கும். நான் திரையைப் பார்த்து, இன்னும் ஒன்று என்பேன். செய்வான். முகம் சுளித்ததில்லை, தாமதித்ததில்லை. அவன் எங்கள் ஊர்க்காரன்தான் என்பது எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. எங்கள் ஊர் என்றால் ஊர் அல்ல. காலனி.

எங்கள் பூர்வீக ஊரில் மாதா கோயில் ஒன்று. கல்லறைத் தோட்டம் இரண்டு. முன்பு நடுவில் ஒரு சுவர் இருந்தது. புதிதாக வந்த சாமியார் ஒருவர் அதை இடிக்க வைத்தார். இப்போது சுவர் இல்லை. இருந்தாலும் யாரும் இடம் மாறிப் படுப்பதில்லை. யாருக்கும் இதில் மனவருத்தம் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தேர்த் திருவிழாவில் முதல் மாலை எங்கள் வீட்டு மாலை. என் அப்பா போட்டார், அப்புறம் என் தம்பி அந்தோணிசாமி போட்டான். தம்பி ஜேசிபி வைத்து ஓட்டுகிறான். உங்களிடம் இருப்பவன்தான்.

அருண் இரண்டு முறை திண்டிவனத்தில் என் வீட்டுக்கு வந்திருக்கிறான். டவர் போட்டோக்கள் உள்ள பென்டிரைவைக் கொடுக்க. முதல் முறை அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன். சீல் உடைக்காத புது பாட்டில். அதில் என்ன குறை, சொல்லுங்கள். சுத்தமான தண்ணீர். ஆனால் என் மகள் மெர்லின் அதை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நர்சிங் முடித்துவிட்டு வீட்டில் இருந்தவள். இரண்டாம் முறை அவன் வந்தபோது, நான் பாட்டிலை எடுப்பதற்குள் அவள் டீ போட்டு, தான் குடிக்கும் கோப்பையிலேயே கொண்டுவந்து நீட்டினாள். அவன் என்னைப் பார்த்தான். பிறகு வாங்கிக் குடித்தான். அந்தக் கோப்பையை நான் உடைக்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு மூலையில் வைத்தேன். அதற்கே அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் இருக்கும்போது போய்விட்டாள். புதுச்சேரியில் பதிவுத் திருமணம். அந்த வருஷம் நடுநிசிப் பூசையில் எங்கள் பெஞ்சில் எங்களைத் தவிர யாரும் உட்காரவில்லை. எட்டுப் பேர் உட்காரும் பெஞ்ச். பூசை முடிந்து ஊர்ப் பெரியவர்கள் தம்பியை ஓரமாக அழைத்துப் போய், அடுத்த தேருக்கு மாலையை வேறு வீட்டில் போடட்டும் என்று பக்குவமாகச் சொன்னார்கள். பக்குவமாகச் சொன்னதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

என் கணவர் சூசைமுத்து அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். "நம்ம புள்ள எங்கியோ உசுரோட நல்லா இருக்குது செல்வி. அது போதும், உட்டுடு." அவர் அப்படித்தான். எதையும் பாதியில் விட்டுவிடக் கூடியவர். வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தால்கூட ஒரு பக்கம் நிற்கும். எதையும் முழுசாக முடிக்கிற வேலை எப்போதும் என் தலையில்தான் விழும்.

இரண்டு மாதத்துக்கு மேல் தேட வழியில்லை. அருணுக்கு என் வேலை தெரியும். பழைய சிம் இரண்டையும் பாண்டி பஸ் ஸ்டாண்டிலேயே கழற்றிப் போட்டுவிட்டான். கடைசியாக அங்கேதான் காட்டியது. அப்புறம் ஒன்றுமில்லை.

சாம்பல் புதன் கழிந்த வாரம், தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"அம்மா."

காதிலிருந்து எடுத்து நம்பரைப் பார்த்தேன்.

"நான்தாம்மா. திட்டாத. என் சர்டிபிகேட்டெல்லாம் பீரோல இருக்குது. ஒரு ஆஸ்பத்திரில வேலைக்குக் கூப்புட்டிருக்காங்க. ஒரிஜினல் கேக்கறாங்கம்மா."

"எங்க இருக்க?"

"அது வேணாம்மா."

"சாப்ட்டியா?" என்று கேட்டேன்.

அவள் அழுதாள். வைத்துவிட்டாள். நாற்பத்தொரு விநாடி.

அந்த நம்பரை எடுத்துப் பார்த்தேன். சிம் விருத்தாசலம் என்ற ஆளின் பேரில், புதுச்சேரி முகவரியில் இருந்தது. அருணோடு டவர் ஏறுகிறவன். இன்டர்நெட் இல்லாத பட்டன் போன். ஆனால் எங்கள் கம்பெனி சிம். அவ்வளவு ஜாக்கிரதையான அருண் இதை ஏன் வாங்கினான் என்று யோசித்தேன். டவரைப் பார்த்ததும் புரிந்தது. மேல்சித்தாமூருக்குத் தெற்கே உள்ள டவர். அந்தப் பக்கத்து வயல்வெளியில் எங்கள் சிக்னல் மட்டும்தான் எடுக்கும்.

எங்கள் அலுவலகத்தில் புகார் இல்லாமல் ஒரு நம்பரைத் தொடர முடியாது. ஒரு புகார் பதிவு செய்தேன். 'வாடிக்கையாளர்: பேச்சு இடையில் அறுபடுகிறது.' பொய் என்று சொல்ல முடியாது. அறுபடத்தான் செய்தது. பக்கத்து மேசைத் தென்னரசு கேட்டான், "மேடம், இந்த டவர்ல இப்ப என்ன பிரச்சினை? நல்லாத்தான போய்க்கினு இருக்குது." சும்மா ஒரு புகார் என்றேன். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. நல்ல பையன், அவனை விட்டுவிடுங்கள்.

பத்து நாள் கழித்து மறுபடி கூப்பிட்டாள். சர்டிபிகேட்டை எடுத்து உறையில் போட்டு வைத்திருக்கிறேன், யாரிடம் கொடுத்தனுப்பட்டும் என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. நிலக்கடலை பிடுங்குகிற நேரம், பக்கத்து வயலில் ஆட்கள் வந்திருக்கிறார்கள், பூமாலை என்று ஒரு அக்கா பச்சை மல்லாட்டை கொண்டுவந்து கொடுத்தது, அவித்துத் தின்றோம் என்றெல்லாம் சொன்னாள். மூன்று நிமிஷம். தென்கிழக்கு ஆன்டனா. பதினான்காம் வளையம். டவரிலிருந்து ஆயிரத்துத் தொண்ணூறு மீட்டர் சுமார். வரைபடத்தை வைத்துப் பார்த்தால் அந்தப் பட்டையில் ஒரு ஏரி, மல்லாட்டைக் கொல்லைகள், ஒரு மோட்டார் கொட்டகை, அதிலிருந்து கொஞ்ச தூரத்தில் தனியாக ஒரு வீடு. வேறு எதுவும் இல்லை.

அந்தோணிசாமியிடம் தூரத்தைச் சொன்னேன். அவன் ஜேசிபி வேலை கேட்பது போலப் போய் விசாரித்து வந்தான். வீடு அதுதான். சொந்தக்காரர் பாண்டியில் இருக்கிறார், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள் என்றான். அன்றைக்கே போய்விட வேண்டும் என்று குதித்தான். நான்தான் நிறுத்தினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். நான் அவனை ஒன்பது நாள் நிறுத்தி வைத்தேன்.

காரணம் மெர்லின். வீட்டுக்குள் போனால் அவள் இருப்பாள். நடுவில் விழுவாள். நர்ஸ் என்றாலும் பெண்பிள்ளை. கண்ணால் பார்த்தால் ஆயுசுக்கும் மறக்காது. எந்தத் தாய்க்கும் அந்த யோசனை வரும். அருண் விடியுமுன் வண்டியெடுத்து வேலைக்குப் போகிறான், எப்போது திரும்புவான் என்று சொல்ல முடியாது. ஆகவே அவன் வீட்டில் இருக்கும் ஒரு நாளாகவும் இருக்க வேண்டும், வீட்டுக்கு வெளியே தனியாக நிற்கவும் வேண்டும். இதற்கு ஒரு வழிதான் இருந்தது.

நானே கூப்பிட்டேன். "மெர்லின், நான் அவரோட பேசணும்" என்றேன்.

"யாரோட?"

"உன் ஊட்டுக்காரரோட."

அவர் என்று சொன்னதில் அவள் குரல் உடைந்துவிட்டது. "நெசமாவாம்மா? புதன்கிழம லீவு போடச் சொல்றேன்மா. மத்தியானம் கூப்புடும்மா. அருணு ரொம்ப சந்தோஷப்படும்மா."

நான் 'சரி கண்ணு' என்றேன். அவளைக் கண்ணு என்று கூப்பிட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது.

புதன்கிழமை தவக்காலத்தின் ஐந்தாம் வாரம். சாம்பல் புதனிலிருந்து நான் அசைவம் தொடவில்லை, ஒரு வேளைதான் சாப்பாடு. மதியம் இரண்டு இருபதுக்குத் தென்னரசு சாப்பிடப் போனான். அறையில் நான் மட்டும். ஏசி சத்தம் அதிகமாக இருந்ததால் அணைத்தேன். திரையில் அந்த நம்பரை எடுத்து வைத்தேன். ஒரு போனில் மெர்லினைக் கூப்பிட்டேன். மேசையில் இன்னொரு போன். அதில் தம்பி. அவனும் இன்னும் இரண்டு பேரும் ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம் காரில் இருந்தார்கள். அந்த இரண்டு பேர் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை.

மெர்லின் எடுத்து, இரண்டு வார்த்தை பேசி, அவனிடம் கொடுத்தாள்.

"மேடம், நான் அருண்."

"நல்லாருக்கீங்களா தம்பி?"

அவனிடம் 'ங்க' போட்டு நான் பேசியது அதுதான் முதல் தடவை. தொண்டையைச் செருமுவது கேட்டது.

"நல்லாருக்கோம் மேடம். உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு ரொம்ப நாளா... எப்படிப் பேசறதுன்னு தெரில மேடம். மேடம் நெனச்சா ரெண்டே நிமிஷத்துல எங்களக் கண்டுபுடிச்சிருப்பீங்க. எனக்குத் தெரியாதா? மூணு மாசமா உட்டு வெச்சிருக்கீங்க. இவகிட்ட சொல்லிக்கினே இருப்பேன், உங்கம்மா நம்மள வாழ உட்டுட்டாங்கடீன்னு."

திரையில் பதினான்கு என்று இருந்தது.

"தம்பி, சரியா கேக்கல. ஊட்டுக்குள்ள இருக்கீங்களா?" என்றேன்.

"ஆமா மேடம். தகர ஷீட்டு. உள்ள கொஞ்சம் வீக்குதான்."

"அப்படியே வெளிய வந்து பேசுங்க."

வந்தான். இப்போ கேட்கிறதா என்றான். இன்னும் கொஞ்சம் தள்ளி வாங்க என்றேன். மல்லாட்டைச் செடி காலில் மிதிபடும் சத்தம் கேட்டது. பதினான்கு பதின்மூன்று ஆயிற்று. "மோட்டார் கொட்டா கிட்ட வந்துட்டேன் மேடம். இப்ப?"

"இப்ப நல்லாக் கேக்குது. அங்கியே நில்லுங்க."

எனக்கு முதலிலிருந்தே தெளிவாகத்தான் கேட்டது. அந்த ஆன்டனா நன்றாக வைக்கப்பட்ட ஆன்டனா. அவனும் அந்த ஆன்டனாவைப் பற்றித்தான் சொன்னான். "இங்கேர்ந்து டவர் தெரியுது மேடம். இந்த ஆன்டனா நான் மாட்டுனதுதான். நீங்கதான் அன்னிக்கு லைன்ல இருந்தீங்க. ரெண்டு டிகிரி எறக்கச் சொன்னீங்களே, ஞாபகம் இருக்குதா?" ஞாபகம் இருந்தது. இல்லை என்றேன்.

மேசைப் போனில் தம்பியிடம், மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில், தனியாக என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது அருணின் பக்கம் என் குரல் போகாதபடி பொத்தானை அழுத்திக்கொண்டேன். அவர்கள் வயல் வழியாக நடந்து போக ஏழெட்டு நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் அவனைப் பேச வைக்க வேண்டியிருந்தது. கஷ்டமில்லை. மெர்லினுக்கு வேலை கிடைத்தால் திண்டிவனத்துக்கே குடிவந்துவிடலாமா என்று கேட்டான். ஈஸ்டருக்கு வரலாமா என்று கேட்டான். "நாங்க உள்ள வரல மேடம். வாசல்லயே நின்னு பாத்துட்டுப் போயிடறோம்" என்றான். வாங்க, என்றேன். போனில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். ரெண்டு கட்டை இருக்குது, நெறைய பேசலாம் என்றான்.

அந்தோணிசாமி தன் வாக்குமூலத்தில் ஒன்று சொல்லியிருப்பதாக நீங்கள் படித்துக் காட்டினீர்கள். அது சரிதான். மறுக்கவில்லை. அவன் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, கிசுகிசுவென்று என்னிடம் கேட்டான்.

"அக்கா, சிரிச்சிக்கினு பேசிக்கினு இருக்கான். எனக்கு ஒரு மாதிரி பேஜாரா இருக்குது. உட்டுட்டுத் திரும்பிடட்டுமா?"

நான் சொன்னது: "லைன்ல வெச்சிருக்கேன். ஜல்தி."

என் தம்பி சின்ன வயசிலிருந்தே அப்படி. கிணற்றில் குதிக்கிறேன் என்று சட்டையைக் கழற்றுவான், அப்புறம் நான் தள்ளிவிட வேண்டும்.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. அவன் "மேடம், ஒரு நிமிஷம், யாரோ" என்றான். அப்புறம் போன் மண்ணில் விழுந்தது. கம்பியா கடப்பாரையா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் காட்டிய படத்தில்தான் பார்த்தேன். நான்கு முறை கேட்டது. ஓடும் சத்தம் கேட்டது. பிறகு தம்பியின் லைன் அறுந்தது. அருணின் போன் மட்டும் பதின்மூன்றாம் வளையத்தில் அசையாமல் இருந்தது. பட்டன் போன் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது.

அன்று மாலை அலுவலகத்தை விட்டுக் கிளம்பும் முன் அந்தப் புகாரை முடித்தேன். திறந்த புகாரை அப்படியே விட்டுப் போவது எனக்குப் பிடிக்காது. 'சரி செய்யப்பட்டது' என்று போட்டேன். உங்கள் ஆட்கள் அதைத்தான் முதலில் கண்டுபிடித்தார்கள் என்று சொன்னீர்கள். வீட்டுக்குப் போனபோது சூசைமுத்து டிவிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். நீ செஞ்சியா என்று கேட்டார். நான் கைகால் கழுவப் போனேன். திரும்பி வரும்போது அவர் இல்லை. பீரோ திறந்து கிடந்தது. சர்டிபிகேட் உறையை எடுத்துக்கொண்டு மகளிடம் போய்விட்டார். வாழ்க்கையில் ஒரு காரியத்தை முழுசாகச் செய்திருக்கிறார்.

அருணை அவர்கள் பக்கத்துக் கல்லறையில்தான் அடக்கம் செய்தார்கள் என்று கேள்விப்பட்டேன். ஊரில் எந்தத் தகராறும் இல்லையாம். நல்லது.

நீங்கள் இன்னும் அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அழைப்பு மொத்தம் இருபத்து மூன்று நிமிஷம் நாற்பது விநாடி. தம்பியின் லைன் அறுந்தது பதினேழாம் நிமிஷத்தில். மீதி ஆறரை நிமிஷம் என்ன என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். போன் கீழே கிடந்தது, யாரும் பேசவில்லை என்று நேற்று சொன்னேன். முதல் இரண்டு நிமிஷம் யாரும் பேசவில்லை. அது உண்மை.

அப்புறம் மெர்லின் வந்தாள்.

அவனைத் தேடிக்கொண்டு டீ டம்ளரோடு வந்தாள் என்று நினைக்கிறேன்; ஏதோ பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. அவள் கத்தவில்லை. நான் கத்துவாள் என்று நினைத்தேன். அருணு, அருணு, இங்க பாரு, கண்ணத் தொற என்று வரிசையாகச் சொன்னாள். நர்ஸ் பேசுவது போலப் பேசினாள். துணி கிழிக்கும் சத்தம் கேட்டது. மூச்சு இருக்குது, மூச்சு இருக்குது என்று தனக்குத்தானே சொன்னாள். அப்போதுதான் மண்ணில் கிடந்த போனைப் பார்த்திருக்க வேண்டும். லைன் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்திருக்க வேண்டும். ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"அம்மா, லைன்ல இருக்கியாம்மா?"

"இருக்கேன்."

"யாரோ அடிச்சிப் போட்டுட்டாங்கம்மா. தலைல. கைய எடுத்தா ரத்தம் கொட்டுது, என்னால கைய எடுக்க முடியலம்மா. நீ நூத்தியெட்டுக்குப் பேசும்மா. இந்த எடத்துக்கு வழி சொல்லத் தெரில எனக்கு. உனக்குத் தெரியுமேம்மா, நீ பாத்துச் சொல்லேன். மூச்சு இருக்குதும்மா. சீக்கிரம் வந்தா பொழைச்சிக்குவான்."

திரையில் எல்லாம் இருந்தது. டவர், திசை, வளையம். ஏரிக்கரை வழியாக வண்டி வரும் பாதைகூட எனக்குத் தெரியும். செஞ்சியிலிருந்து ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம் ஆகும்.

"எடம் தெரியலையே கண்ணு" என்றேன். "சிக்னல் சரியா காட்ட மாட்டேங்குது."

அவள் மறுபடி கேட்டாள். பூமாலைக்கா, பூமாலைக்கா என்று வயல் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். என்னிடம் மறுபடி கேட்டாள். நாலரை நிமிஷம் அம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் ம் கொட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு கணம் ஒன்றும் பேசவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. லைனை வைத்தது நான்தான். வயலில் இருந்தவர்கள் வந்து, அவனைக் கட்டிலில் வைத்துத் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுபோக முக்கால் மணி நேரம் ஆயிற்றாம். வழியிலேயே முடிந்துவிட்டது. அரைமணி முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் எழுதியிருப்பதை நீங்கள் என் பக்கம் திருப்பி வைத்திருக்கிறீர்கள். படித்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்றுதானே கேட்கிறீர்கள். போலீஸ் எழுத்துமூலம் கேட்காமல் ஒரு வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார் என்று வெளியாருக்கு நாங்கள் சொல்லக் கூடாது, மேடம். சொந்த மகளே கேட்டாலும் கூடாது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த விதியை நான் ஒரு தடவைகூட மீறியதில்லை.